பெயருக்கு முன்னால் ஒரு சொல்

மரண அறிவித்தல்களை வரி விடாமல் வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது உடனே பிடிபடும். கீழே இருப்பது கற்பனை அறிவித்தல். ஆண்டு 1991 என்று வைத்துக்கொள்வோம்.

"அன்னார் காலஞ்சென்ற கந்தையாவின் அன்பு மனைவியும், சிவராசா (கிளிநொச்சி), காலஞ்சென்ற யோகராசா, பத்மாவதி ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார்."

இதை 2024இல் வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடிப் பிளாட் ஒன்றில் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வாசிக்கிறாள். சிவராசா அவளுடைய அம்மப்பா. 1983 யூலையில் கொழும்பில் செத்துப்போனார் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். செத்து எட்டு வருடம் கழிந்தபிறகும் அவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' இல்லை, பக்கத்தில் ஊர்ப்பெயர் வேறு இருக்கிறது. அந்தச் சொல் நிற்பது யோகராசாவுக்கு முன்னால். அப்படி ஒருவர் இருந்ததாக அந்த வீட்டில் யாரும் வாயே திறந்ததில்லை.

பதின்வயது வாசகர்களுக்கான குடும்ப ரகசிய நாவலுக்கு இந்த ஒரு வரி போதும். நம்மவர்கள் இந்த வகையை எழுத உட்கார்ந்தால் முதலில் தேடுவது பூட்டிய அறை, கிழிந்த நாட்குறிப்பு, பாதி வெட்டிய புகைப்படம். நம் வீடுகளில் அம்மம்மாமார் நாட்குறிப்பு எழுதுவதில்லை. அவர்கள் எழுதியது சீட்டுக் கணக்கு. வைத்திருப்பது காணி உறுதி, அடகுச் சீட்டு, செத்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம், நீல நிற வான்கடிதம். ரகசியம் இருப்பதும் அவற்றில்தான்.

இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. 1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தையே ரகசியமாக வைப்பது. கதையின் முடிவில் பாட்டி அழுதுகொண்டு "அந்த வருசம் எங்கட வீட்டை எரிச்சவங்கள்" என்று சொல்வார், பிள்ளை அதிர்ந்து போவாள். கொழும்பில் வளரும் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கு அது தெரியாது? நாடறிந்த துயரம் ரகசியமாகாது. அந்த நாளில், அந்த வீட்டுக்குள், ஒருவர் எடுத்த ஒரு முடிவுதான் ரகசியம். யார் கதவைத் திறந்தது, யார் திறக்கவில்லை, யார் கையெழுத்து வைத்தது, யாருடைய நகை யாரிடம் போனது. கலவரம் எப்படி நடந்தது என்பதைச் சரித்திரப் புத்தகம் சொல்லும். கதவை ஏன் திறக்கவில்லை என்பதை நாவல்தான் சொல்ல முடியும்.

இந்த உதாரணக் கதையில் முடிவு இப்படி. 1983 யூலை 25, திங்கட்கிழமை. அம்மம்மாவுக்கு 25 வயது, கையில் ஒரு வயதுக் குழந்தை. பக்கத்துச் சிங்கள வீட்டார் ஒளித்து வைத்திருக்கிறார்கள். புருஷனின் தம்பி யோகராசா பின்கதவில் வந்து தட்டுகிறான். தெருவில் ஆட்கள். குழந்தை முனகத் தொடங்குகிறது. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நின்றவள் அவள். திறக்கவில்லை. அவன் உயிர் தப்பவில்லை. புருஷன் அதை மன்னிக்கவில்லை. அகதிகளை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போன 'லங்கா கல்யாணி' கப்பலில் அவன் போகிறான், அவள் கொழும்பிலேயே நிற்கிறாள். பிள்ளைக்கு "அப்பா செத்துப்போனார்" என்று சொல்லிவிடுகிறாள். ஊரே செத்துக்கொண்டிருந்த மாதத்தில் அந்தப் பொய்யை யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஒளித்து வைத்த அயல்வீட்டுப் பெண்ணைத் தெய்வமாக்கிவிடக் கூடாது. 'நல்ல சிங்கள அயலவர்' நம் கதைகளில் தேய்ந்துபோன பாத்திரம். "இனி ஆள் எடுக்க ஏலாது" என்று அன்று காலையே சொன்னது அவர்தான் என்று வையுங்கள். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள். அப்போது குற்றம் இரண்டு பெண்களுக்குள் பங்குபடும், நாற்பது வருடமாக இருவரும் சந்திக்காமல் இருப்பதற்கும் காரணம் கிடைக்கும்.

எழுதத் தொடங்குமுன் வயதுக் கணக்கு. இந்த வகைக் கையெழுத்துப் பிரதிகள் முதலில் உடைவது இங்கேதான். 2024இல் பிள்ளைக்கு 16 என்றால் பிறந்தது 2008. அம்மா 1982, அம்மம்மா 1958. கணக்கு உட்காருகிறது. ஆனால் பலர் அப்பாவை 1983இல் இருபது வயது இளைஞனாக எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் 2024இல் அவருக்கு 61, பிள்ளை பிறக்கும்போது 45. நடக்காதது அல்ல, ஆனால் ஏன் அவ்வளவு பிந்தி என்பதற்கே தனிக்கதை வேண்டியிருக்கும். இன்றைய பதினாறு வயதுக்கு 1983 பேரன் பேத்தி உறவில் வருவது. பெற்றோரின் இளமைக்கு உரியது 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2009 போர் முடிவு. பிள்ளையின் சொந்த நினைவில் இருக்கக்கூடியது 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு. அப்போது அவளுக்குப் பதினொன்று.

திகதியிலும் சறுக்குவார்கள். நினைவுநாள் யூலை 23 என்பதால் கொழும்பு வீட்டையும் 23ஆம் திகதி இரவே எரித்துவிடுவார்கள். 23 இரவு நடந்தது, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் புலிகள் இராணுவத்தின்மீது நடத்திய தாக்குதல். கொழும்பில் தொடங்கியது 24 ஞாயிறு இரவு, பொரளைக் கனத்தை மயானத்துப் பக்கத்தில். காலி வீதி எரிந்தது 25. 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தியோடு இரண்டாம் அலை. கதைக்கு இது வசதியும்கூட. 25ஆம் திகதி தப்பியவர்கள் 29ஆம் திகதி சாகலாம், நடுவில் இருக்கும் மூன்று நாள் முகாமில் போகலாம்.

பாதைகளும் அப்படித்தான். 2005இல் ஒருவரை யாழ்தேவியில் யாழ்ப்பாணம் அனுப்ப முடியாது. 1990இல் நின்ற ரயில் யாழ்ப்பாணம் மட்டும் திரும்ப ஓடியது 2014 ஒக்டோபரில். யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி 2002இல் திறந்து 2006 ஓகஸ்டில் மூடப்பட்டது, போர் முடியும் மட்டும் அப்படியே. 1991இல் யாழ்ப்பாணத்தில் அடித்த கல்வெட்டுப் புத்தகம் வழவழப்பான தாளில் இருந்தால் தாள் தட்டுப்பாட்டைக் கண்டவர்கள் சிரிப்பார்கள். பொருளாதாரத் தடைக்காலம் அது. பழுப்புத் தாள், மங்கிய அச்சு, மெல்லிய அட்டை. அந்தத் தாளின் தரமே காலத்தைக் காட்டும் துப்பு.

ஒரு பெரிய தாளை எடுத்து ஆறு கட்டம் போடுங்கள். ஆண்டு, ஒவ்வொருவரின் வயது, யார் எந்த ஊரில், எந்தப் பாதை திறந்திருந்தது, அந்த ஆண்டில் உருவான காகிதம் எது, உண்மை யாருக்குத் தெரியும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். பதினேழாம் அத்தியாயத்தில் அறியப்போவதைப் பிள்ளை பதினான்காம் அத்தியாயத்திலேயே பேசிவிடும் பிழையைப் பிடிப்பது அந்தக் கட்டம்.

இனித் துப்புகள். என் கணக்கில் ஒரு நாவலுக்கு ஒன்பது போதும். பத்தைத் தாண்டினால் வாசகர் தேடுவதை விட்டுவிட்டுக் காத்திருக்கத் தொடங்குவார். ஒன்பதில் இரண்டு தவறான திசைக்கு இழுக்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று முறை வரவேண்டும். முதல் முறை சாதாரணப் பொருளாக, இரண்டாம் முறை ஏதோ பொருந்தாததாக, மூன்றாம் முறை பதிலாக. முதல் வருகைக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நான்கைந்து அத்தியாயமாவது இடைவெளி வேண்டும். அருகருகே வைத்தால் எழுத்தாளரின் விரல் அதைச் சுட்டுவது தெரிந்துவிடும்.

காகிதத் துப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது காணி உறுதி. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் காணியை விற்பதற்குப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கைம்பெண்ணுக்கு அது தேவையில்லை. அம்மம்மாவின் சீதனக் காணி 1986இல் விற்கப்பட்டிருக்கிறது. உறுதியில் புருஷனின் சம்மதமும் கையெழுத்தும் இருக்கிறது. 1983இல் செத்தவர் 1986இல் எப்படிக் கையெழுத்து வைத்தார்?

பிள்ளைக்கு இது உடனே விளங்கக் கூடாது. முதல் முறை அவள் காண்பது நூல் கட்டிய பழைய காகிதக் கட்டு, எல்லை விபரங்கள், வடக்கில் யார் காணி கிழக்கில் யார் காணி என்ற அலுப்பான வரிகள். கையெழுத்தைப் பார்த்தாலும் 'அம்மப்பாவுடையது' என்று தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். அவளுக்கு அது நினைவுப்பொருள். ஆண்டைக் கவனிப்பது எட்டு அத்தியாயம் கழித்து. புருஷன் ஏன் கையெழுத்து வைக்கவேண்டி வந்தது என்பதை விளங்கப்படுத்துவது உறுதி எழுதும் ஒரு வயதான நொத்தாரிசு, அல்லது சட்டம் படிக்கும் மச்சாள். காணி உறுதிக்கு நொத்தாரிசோடு இரண்டு சாட்சிகளும் வேண்டும். அந்த இரண்டு பெயர்களும் கதையின் அடுத்த இரண்டு கதவுகள். ஒருவர் செத்துப்போயிருக்கட்டும், மற்றவர் கொட்டாஞ்சேனையில் இருக்கட்டும்.

பிறப்புச் சான்றிதழும் நல்ல சுரங்கம். பழைய படிவத்தில் 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்று ஒரு கட்டம் இருக்கும். இனம் என்று ஒரு கட்டம். பேரனார் பற்றி ஒன்று. தகவல் கொடுத்தவரின் பெயரும் உறவும் ஒன்று. தகவல் கொடுத்தவர் பெயரை யாருமே வாசிப்பதில்லை, ஆகவே துப்பை அங்கே வையுங்கள். பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், மூன்று மாதம் தாண்டினால் காலங்கடந்த பதிவு. பிறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் ஏழு வருட இடைவெளி இருந்தால் அந்த ஏழு வருடமும் ஒரு கேள்வி.

பழைய அடையாள அட்டை இலக்கத்தையும் பயன்படுத்தலாம், ஆனால் பிழையில்லாமல். ஒன்பது இலக்கம், பின்னால் ஓர் ஆங்கில எழுத்து. முதல் இரண்டு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள். பெண்ணாக இருந்தால் அந்த மூன்றோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 58712 என்று தொடங்கினால் 1958, 712இல் 500 போக 212, பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுவதால் 212 என்பது யூலை 30. லீப் வருடம் இல்லையே என்று 365ஐ வைத்து எண்ணும் எழுத்தாளர் ஒரு நாள் பிந்திப் போவார். அம்மம்மாவின் பிறந்தநாளை வீட்டில் எப்போதும் வேறு திகதியில் கொண்டாடினால் பிள்ளைக்கு ஒரு மத்தியானம் இந்தக் கணக்கோடு போகும். புதிய அட்டைகள் பன்னிரண்டு இலக்கம், அதில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கத்தில் வரும்.

பெயரின் முதலெழுத்து இன்னொன்று. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். கூடப் பிறந்தவர்கள் என்று சொல்லப்படும் இருவருக்கு வேறு வேறு முதலெழுத்து இருந்தால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வேறு மொழியில் எழுதுகிறவர் இதைச் செய்ய மூன்று பக்கம் எடுப்பார்.

அடகுச் சீட்டில் 11 பவுண் என்று ஒரே உருப்படி இருந்தால் நம் பெண்களுக்கு அது தாலிக்கொடி என்று தெரியும். அவ்வளவு பாரத்தில், ஒற்றை எண்ணில், வேறென்ன. 88 கிராம். மீட்டதற்கான அடையாளம் சீட்டில் இல்லை. இதற்குமேல் ஒரு வரியும் வேண்டாம்.

சடங்குத் துப்புகள் காகிதத்தைவிட நுட்பமானவை, ஏனென்றால் அவை ஒவ்வொரு வருடமும் தாமாகவே திரும்பி வரும். ஆடி அமாவாசை விரதம் தகப்பன் இல்லாதவர்களுக்கு, சித்திரா பௌர்ணமி தாய் இல்லாதவர்களுக்கு. நம் கதையில் அம்மா ஆடி அமாவாசைக்கு முகத்துவாரம் போய்த் தீர்த்தமாடி விரதம் பிடிக்கிறார், தகப்பன் செத்துவிட்டார் என்று நம்புகிறவர் அல்லவா. ஆகவே இது வாசகரைத் தவறான பக்கம் இழுக்கும் துப்பு. ஆனால் அன்றைய படையலுக்கு அம்மம்மா ஒரு கறிகூட வைப்பதில்லை, தலையிடி என்று படுத்துவிடுவார். அதே ஆடி மாதத்தில் வேறொரு நாள், யாருக்கும் சொல்லாமல் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுகிறார். அது எந்த வருடமும் ஒரே திகதியில் வராது. பிள்ளை கைத்தொலைபேசியில் மூன்று வருடத் திகதிகளைக் குறித்துவைத்துப் பார்த்துக் குழம்புகிறாள். திகதி மாறும், திதி மாறாது என்பது அவளுக்கு யாரோ சொல்லித்தான் தெரியவேண்டும். பழைய பஞ்சாங்க அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலில் 'ருத்ரோத்காரி ஆடி' என்று எழுதியிருக்கும். ருத்ரோத்காரி 1983 ஏப்ரலில் பிறந்த வருடம்.

இங்கே எச்சரிக்கை. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி தொடங்கும் நேரத்தில் வித்தியாசம் வரும், சில வேளைகளில் விரதநாளே மாறிப்போகும். கதையின் முடிச்சை ஒரு நாள் வித்தியாசத்தில் கட்டாதீர்கள். கோயில் ஐயரிடம் கேட்டு எழுதினாலும் எதிர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வந்து பிழை பிடிப்பார்.

மூன்றாவது வகை, பேச்சு. முதலில் மோசமான வடிவத்தைப் பார்ப்போம். பிள்ளை அலுமாரியைத் திறக்கிறாள். அம்மம்மா வாசலில் நின்று, "சில உண்மைகள் தெரியாமல் இருப்பதே நல்லது, பிள்ளை" என்கிறார். இப்படி ஒரு கிழவி கொழும்பில் இல்லை, தொலைக்காட்சித் தொடரில் மட்டும்தான் இருக்கிறார். அதோடு ரகசியம் இருக்கிறது என்பதையே அவர் அறிவித்துவிட்டார். ரகசியம் காப்பவரின் முதல் வேலை, காப்பதற்கு ஒன்றும் இல்லை என்று காட்டுவது.

இன்னொரு விதமாக:

"என்ன பிள்ளை தேடுறாய்?"

"பேர்த் சேட்டிபிக்கட் அம்மம்மா. ஐ.சி.க்குக் குடுக்கவேணும். வெள்ளிக்கிழமை கடைசி நாளாம்."

"அது உதுக்குள்ள இல்லை. கொம்மாவின்ர லாச்சியில கிடக்கும்."

"பாத்திட்டன். இல்லை."

கடற்கரைப் பக்கத்தில் ரயில் போனது. அலுமாரிக் கண்ணாடி சிணுங்கி ஓய்ந்தது.

"நான் எடுத்துத் தாறன். நீர் போய்ப் படியும்."

எல்லாம் கடைசி வரியில்தான். அதுவரை 'தேடுறாய்' என்றவர் 'நீர்', 'படியும்' என்கிறார். யாழ்ப்பாணப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. பேத்தியோடு எப்போதும் நீ பேசுகிறவர் திடீரென்று நீருக்கு ஏறினால் நடுவில் ஒரு கதவு சாத்தப்படுகிறது. பிள்ளைக்கு அது காதில் விழும், ஏன் என்று தெரியாது. முழு நாவலிலும் இந்த மாற்றம் மூன்றே இடத்தில் வரட்டும். மலையகத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் குடும்பமென்றால் இந்தக் கருவி கிடையாது, அவர்களின் 'வாங்க, போங்க'வில் வேறு அளவுகள் இருக்கின்றன. தெமட்டகொடை முஸ்லிம் வீடென்றால் உம்மாவும் ராத்தாவும் பேசும் விதம் மறுபடி வேறு. ஒரே 'கொழும்புத் தமிழ்' என்று நினைத்து எல்லோரையும் ஒரே மாதிரிப் பேசவைப்பது இந்த ஊர்க் கதைகளின் தீராத வியாதி.

எந்த மொழியில் ஒளிப்பது என்பதும் கொழும்பில் சுவாரஸ்யமான கேள்வி. முன்பு பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாததை ஆங்கிலத்தில் பேசினார்கள். இன்றைய பிள்ளைக்கு அம்மம்மாவைவிட ஆங்கிலம் நன்றாக வரும். ஆனால் சிங்களக் கையெழுத்து வாசிக்க வராது, பாடசாலையில் படித்தது அச்செழுத்து. 1983ஆம் ஆண்டு பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, அயல்வீட்டுப் பெண் எழுதிய கடிதம், இரண்டும் சிங்களத்தில் இருந்தால் வாசித்துத்தர ஒருவர் வேண்டும். கீழே நிற்கும் செக்யூரிட்டி அங்கிளிடம் கொண்டுபோகிறாள். அவர் வாசிக்கிறார், பாதியில் நிறுத்துகிறார், "இது யாருடையது மகள்?" என்று கேட்கிறார். குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த நொடியிலிருந்து பதற்றம் தானாக ஓடும். லிஃப்டில் அம்மம்மாவும் அவரும் ஒன்றாக ஏறும் ஒவ்வொரு முறையும் வாசகர் மூச்சைப் பிடிப்பார்.

பலர் குழப்பிக்கொள்ளும் இடமும் இதுதான். வாசகருக்கு ஒன்றும் தெரியாமல் வைத்திருப்பது மர்மம். பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று வாசகருக்குத் தெரிந்திருப்பது பதற்றம். இந்த வகை நாவலுக்கு இரண்டும் வேண்டும், ஆனால் அளவு வேறு. மர்மம் ஒன்றே ஒன்று, கடைசிவரை. பதற்றம் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் புதிதாக. அலுமாரித் திறப்பு சாமி அறைக் குங்குமச் செப்புக்குக் கீழே இருக்கிறது. அம்மம்மா கோயிலுக்குப் போனால் திரும்ப ஒரு மணித்தியாலம் எடுக்கும், அன்று அபிஷேகம் பிந்துவதால் பாதி வழியில் திரும்பிவிட்டார் என்பதை முந்தின பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பிள்ளையை நிதானமாகக் கட்டு அவிழ்க்க விடுங்கள். மின்சாரம் போய் லிஃப்ட் நின்றால் அம்மம்மா ஐந்து மாடியும் படியால் வரவேண்டும், நாரி நோவோடு, ஒவ்வொரு மாடியிலும் நின்று. சிலருக்கு இந்த ஐந்து மாடி ஒரு முழு அத்தியாயத்துக்குப் போதும்.

பதினாறு வயதுக்குத் தடை கொலைகாரன் அல்ல. வீட்டுக்கு ஆறரைக்குள் திரும்பவேண்டும், கையில் பஸ் காசு மட்டும், ரியூஷன் சேர் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு மெசேஜ் போடுவார், போனின் லொக்கேஷன் அம்மாவுக்குத் தெரியும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு 100 அல்லது 101 பஸ்ஸில் போய்வர மாலை நெரிசலில் எவ்வளவு நேரம் என்பதே கதையைத் தீர்மானிக்கும். இவற்றை அலட்சியம் செய்து பிள்ளையை ஊரெல்லாம் சுதந்திரமாகத் திரியவிட்டால், அவள் வயதுடைய வாசகியே முதலில் நம்பாமல் விடுவாள்.

நாவலின் எலும்புக்கூட்டைப் பரீட்சையே தந்துவிடுகிறது. ஓ.எல் என்னும் சாதாரண தரப் பரீட்சை எழுத அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்கு அலுமாரி திறக்கவேண்டும். முதல் எட்டு அத்தியாயம் பரீட்சைக்கு முன். கண்டதைக் கேட்கவும் முடியாது, படிப்பில் மனம் போகவும் மாட்டாது. ஒன்பது முதல் இருபத்து நான்கு வரை, பரீட்சை முடிந்து முடிவு வரும்வரை உள்ள வெறும் மாதங்கள். இந்த நாட்டில் ஒரு பதினாறு வயதுக்கு உண்மையாகவே நேரம் கிடைப்பது அப்போது மட்டும்தான். கடைசி ஆறு அத்தியாயம் முடிவுகளுக்குப் பின். மொத்தம் முப்பது, ஒவ்வொன்றும் 1,200 முதல் 1,300 சொல். ஆங்கிலத்தில் இந்த வகைக்குச் சொல்லப்படும் சொற்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் வேற்றுமையும் காலமும் சொல்லோடு ஒட்டி வருவதால் 38,000 சொல்லே தடித்த புத்தகமாகிவிடும்.

நடுப்பகுதி தொய்வதைத் தடுக்க ஒரு கடிகாரம் வேண்டும். தகவலறியும் சட்டம் நல்ல கடிகாரம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. விண்ணப்பத்துக்கு 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்லவேண்டும். பதில் தபாலில் வீட்டுக்கு வரும், தபாலை எடுப்பது வழக்கமாக அம்மம்மா. பதினான்கு வேலை நாள், நடுவில் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை. வாசகர் தானே எண்ணுவார்.

சிவராசா கிளிநொச்சியில் இருந்தவர் என்றால் 2009ஐத் தாண்டியாகவேண்டும். அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருக்கலாம். 2009இல் காணாமற்போனவர்களுக்கு மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, 'காணாமற்போனவர்' என்பதை மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழும் 2016 முதல் சட்டத்தில் உண்டு. இரண்டில் எதை ஏற்பது என்று வீடுகள் உடைந்திருக்கின்றன. நாற்பது வருடம் பொய்யாகச் செத்திருந்தவர் உண்மையில் செத்தாரா என்று யாருக்கும் தெரியாது. இந்த முடிச்சை அவிழ்த்துவிடாதீர்கள். அவரைக் கடைசி அத்தியாயத்தில் உயிரோடு கொண்டுவந்து கட்டிப்பிடிக்க வைக்கும் ஆசை வரும். தெருவோரம் படத்தைப் பிடித்துக்கொண்டு இன்னும் உட்கார்ந்திருக்கும் தாய்மாருக்கு அந்த மாதிரி முடிவு கிடைக்கவில்லை. உண்மையில் காணாமற்போன ஒருவரின் பெயரையோ, உண்மையில் எரிந்த ஒரு வீட்டின் இலக்கத்தையோ எடுத்து உங்கள் வில்லத்தனத்துக்குப் பயன்படுத்தவும் வேண்டாம். ஒழுங்கைக்குப் பெயர் சூட்டுங்கள், வீதியை மட்டும் உண்மையாக விடுங்கள்.

தற்கொலை கதையில் வந்தால் முறையையும் இடத்தையும் விபரிக்க வேண்டாம். வெள்ளவத்தைக் கதைகளில் தண்டவாளம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் இது அடிக்கடி வரும் சபலம். வாசிப்பது பதினான்கு வயதாக இருக்கலாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மனநல உதவி இலக்கம் 1926, சிறுவர் உதவி இலக்கம் 1929 இரண்டையும் போடுங்கள்.

இனி ஒப்புக்கொள்ளும் காட்சி. அம்மம்மா கதிரையில் உட்கார்ந்து ஐந்து பக்கம் எல்லாவற்றையும் சொன்னால் அதுவரை கட்டியது சரிந்துவிடும். மூன்றாகப் பிரியுங்கள். கொட்டாஞ்சேனைச் சாட்சிக்கு 1986 மட்டும் தெரியும். நொத்தாரிசின் விறாந்தையில் புருஷனும் பெண்சாதியும் வேறு வேறு வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள், பேசவில்லை என்பது மட்டும். அயல்வீட்டுப் பெண்ணுக்குத் தட்டிய சத்தம் மட்டும் தெரியும். அம்மம்மாவிடம் வரும்போது வாசகர் முழுவதையும் கட்டிவிட்டிருக்க வேண்டும். என் அளவில் இருபத்து நான்காம் அத்தியாயம். அவரிடம் மிச்சம் இருப்பது வாசகரால் ஊகிக்க முடியாத ஒரே ஒரு தகவல்: குழந்தை அழவில்லை. முனகிவிட்டுத் தூங்கிப்போயிற்று. திறந்திருக்கலாம்.

இதை அவர் சொல்லும்போது கையில் வேலை இருக்கவேண்டும். தேங்காய் துருவட்டும். துருவல் சத்தம் நிற்கும் இடத்தில் வசனம், திரும்பத் தொடங்கும் இடத்தில் மௌனம்.

கடைசி அத்தியாயம் 900 சொல்லுக்குமேல் வேண்டாம். ஆடிப்பிறப்பு, யூலை நடுப்பகுதி. இந்த வீட்டில் ஆடிக்கூழ் காய்ச்சியதே இல்லை என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் போகிற போக்கில் சொல்லியிருப்பீர்கள், ரியூஷன் தோழி கொண்டுவந்து கொடுக்கும்போது. இப்போது அம்மம்மா பயறு வறுக்கிறார், பனங்கட்டி உடைக்கிறார், தேங்காய்ப்பாலில் மா கரைக்கிறார். மூன்று பேர் உள்ள வீட்டில் நான்கு கோப்பை எடுத்து வைக்கிறார். நான்காவது யாருக்கு என்று அடுத்த வரியில் எழுதிவிட்டீர்களானால் அந்த வரியை அடித்துவிட்டுப் பிரதியை அனுப்புங்கள்.